பாரம் இழுத்த குதிரைகள்



ஆலை இயந்திரங்களில் பொருத்தப்பட்டுள்ள தகட்டில் ‘எச்.பி.’ என்னும் எழுத்துகளை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். குதிரைத்திறன் என்பது அதன் பொருள். “ஐயா, குதிரையே இல்லாத ஆலையில் குதிரையின் பெயர் எதற்கு?” என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னை வினவினான். அவனுக்குக் கூறிய விடையையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

லோரிகள் தோன்றுவதற்கு முன், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் நகரங்களில் பால், ரொட்டி, நிலக்கரி, பனிக்கட்டி முதலிய பொருள்களை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவை குதிரை வண்டிகளே. இரயில் வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. நிலையத்தில் இறங்கிய சரக்கைக் கடைக்கும் வீட்டிற்கும் எடுத்துச் செல்லக் குதிரையே வேண்டியிருந்தது. நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தம் இயந்திரத்தின் ஆற்றலை மக்களுக்கு விளக்கக் குதிரையையே அளவுகோலாகக் கொண்டார். 33,000 இராத்தல் எடையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தும் ஆற்றலே ஒரு குதிரைத்திறன் ஆயிற்று.

பாரவண்டிக்கெனவே வளர்க்கப்பட்ட குதிரை இனங்கள் உண்டு. இங்கிலாந்தின் ‘ஷயர்’ இனக் குதிரை ஏறக்குறைய 900 கிலோகிராம் எடையுள்ளது. அதன் தோளில் மெத்தை வைத்த வளையம் ஒன்றைப் பூட்டுவர். கயிறு தொண்டையை நெரித்தால் குதிரை மூச்சுத் திணறும். வளையம் தோளில் அழுந்தினாலோ தன் உடல் எடை முழுவதையும் முன்னே சாய்த்து இழுக்கும். பால் வண்டிக் குதிரையோ அறிவில் சிறந்தது. பால்காரர் புட்டிகளோடு ஒரு வீட்டிற்குள் சென்று திரும்புமுன், அது தானாகவே அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்துபோய் நிற்குமாம்!

இவ்வளவு உழைத்த குதிரைக்குக் கிடைத்த கைம்மாறு யாது? தலை எப்பொழுதும் நிமிர்ந்திருந்தால் அழகு என்று கருதி, சிலர் அதன் தலையை வாரினால் இழுத்துக் கட்டினர். மேட்டில் ஏறும்பொழுது தலையைத் தாழ்த்த இயலாமல் குதிரை துன்புற்றது. நெடுநேரம் நடக்க இயலாத உடற்குறையுடன் வாழ்ந்த அன்னா சீவெல் என்னும் அம்மையார், ஒரு குதிரையே தன் கதையைக் கூறுவதுபோல ‘பிளாக் பியூட்டி’ என்னும் நூலை எழுதி 1877இல் வெளியிட்டார். அக்கொடிய வழக்கம் மறைவதற்கு அந்நூல் பெரிதும் துணைபுரிந்தது.

குதிரையின் அருமையை உலகம் உணர்ந்த ஆண்டு 1872. அவ்வாண்டு கனடாவின் டொராண்டோ நகரின் அருகே குதிரைகளுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது. சில மாதங்களுக்குள் அது வட அமெரிக்கா முழுவதும் பரவியது. பால் வரவில்லை, நிலக்கரி வரவில்லை, கடைகளில் சரக்கில்லை. மனிதர்களே வண்டிகளை இழுத்தனர். நவம்பர் 9ஆம் நாள் போஸ்டன் நகரில் பெருந்தீ மூண்டபொழுது, தீயணைப்பு வண்டிகளை ஆட்களே கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். நீர்க்குழாய்களின் குறைபாடும் கூரைகளில் இருந்த மரமும் சேர்ந்துகொள்ள, 776 கட்டடங்கள் அழிந்தன.

அந்நோயில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஓய்வளிக்கப்பட்ட குதிரைகளுள் பெரும்பாலானவை இரண்டொரு வாரங்களில் நலம்பெற்றன. வருமானம் போய்விடுமே என்று நோயோடு வண்டியில் பூட்டப்பட்டவற்றுள் பல மாண்டன. நியூயார்க்கில் ஹென்றி பெர்க் என்பவர் தெருவில் நின்று, நோயுற்ற குதிரைகளை லாயத்திற்குத் திருப்பி அனுப்பினார். விலங்குவதைத் தடுப்புக் கழகத்தை 1866இல் அங்கு நிறுவியவர் அவரே.

மாணவர்களே! பாரம் சுமப்பவர் நின்றால்தான் ஊர் அவரைத் திரும்பிப் பார்க்கிறது. விடியுமுன் எழுந்து வேலைக்காட்டிற்குச் செல்லும் உங்கள் தாய் தந்தையரை அவ்வாறு நின்றபின் நினையாதீர்கள், இன்றே நினையுங்கள். அவர்கள் வீடு திரும்பும்பொழுது ஒரு குவளை நீர் கொடுங்கள். பெற்றோர்களே! காய்ச்சல் கண்ட நாளில் ஓய்வு கொள்வது சோம்பலன்று. உழைப்பைக் காக்கும் வழி அதுவே.

அடுத்த முறை இயந்திரத் தகட்டில் அந்த இரண்டு எழுத்துகளைக் காணும்பொழுது, வாய்பேசா அவ்வுயிர்களையும் ஒரு கணம் நினைவுகூர்வோமாக!