அப்டேட் கேட்கும் கணினி

வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ உள்ள இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். உங்கள் விவரம் முதலில் ஏறுவது அங்கே மேசைமேல் இருக்கும் கணினியில்தான். அதன் திரையில் அப்டேட் கேட்டு ஓர் அறிவிப்பு நிற்கும். வரிசை நீளமாக இருக்கிறதே என்று மையத்தில் இருப்போர் அதைத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிவிட்டால் என்ன ஆகும்?

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் முடங்கின. இங்கே கேரளத்தின் மலை மாவட்டமான வயநாட்டில், தரியோடு கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் சிக்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது அது. சிறிய ஊர், நம்மை யார் தேடி வருவார்கள் என்பது தவறான தைரியம். அந்த நிரல் ஊரைத் தேடவில்லை, விண்டோஸில் இருந்த ஓட்டையைத் தேடியது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது.

வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது!

அப்டேட்டாக வரும் இத்தகைய விண்டோஸ் திருத்தங்கள் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவில் வெளியாகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளில் இ-சேவை மையமும் கணினிக் கடையும் நடத்துவோரே, இன்று மாலை கடை மூடும்முன் அந்த அப்டேட்டை ஓடவிட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.