ஹான் ஆற்றின் அக்கரை

வியட்நாமின் டா நாங் நகரத்தில் முன்பு ஒரு பேச்சு உண்டு: மூன்றாம் வட்டத்துக் குமரியைவிட முதல் வட்டத்துக் கிழவி மேல். முதல் வட்டம் என்றால் ஹான் ஆற்றின் மேற்குக் கரை. சந்தை, அலுவலகம், விளக்கு வெளிச்சம் எல்லாம் அங்கேதான். மூன்றாம் வட்டம் கிழக்குக் கரை. மணல், சவுக்கு மரம், ஆற்றுக்குள் கால் நட்டு நின்ற தகரக் குடிசைகள், மீனவர்கள். வேடிக்கை என்னவென்றால், மீ கே என்னும் அருமையான கடற்கரை இந்த இளக்காரக் கரையின் முதுகுப்பக்கம்தான் கிடந்தது. இன்று நாலு நண்பர்கள் கொஞ்சம் காசோடு ஒரு நாளைக் கழிக்க நினைத்தால் நேரே அங்கேதான் போகிறார்கள். அன்று அங்கே போய்ச் சேருவதே பெரிய காரியம்.

தொண்ணூறுகளின் கணக்கு இது. நகரத்தின் நடுவிலிருந்து கடலுக்குப் போக ஆற்றில் படகுத்துறை. இல்லையென்றால் தெற்கே சுற்றிப்போய், போர்க்காலத்தைப் பார்த்த பழைய குறுகலான பாலங்கள். பெரும்பாலும் சைக்கிள். ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வீட்டுப் பையன் கூட்டத்தில் ஒருவன் இருந்தால் அவனுக்குத் தனி மரியாதை. வண்டியில் மூன்று பேர் தொத்திக்கொள்வார்கள். சாப்பாடு வீட்டிலிருந்து கட்டி வந்தது. 1986இல் பொருளாதாரக் கதவைத் திறந்த நாடு, 1994இல்தான் அமெரிக்கத் தடையிலிருந்து விடுபட்டது. ஊர் சுற்றுவதற்கென்று காசு ஒதுக்கும் பழக்கமே அப்போதுதான் எட்டிப் பார்த்தது.

2000 மார்ச் 29 அன்று ஹான் ஆற்றுப் பாலம் திறக்கப்பட்டது. நகர மக்களும் தங்கள் பங்குக்குப் பணம் போட்டுக் கட்டிய பாலம். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே திரும்பும். இப்போது வார இறுதி இரவுகளில் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகவே திருப்பிக் காட்டுகிறார்கள். அதன் பிறகு 2009இல் துவான் ஃபூக் தொங்குபாலம், 2013இல் 666 மீட்டர் நீள டிராகன் பாலம். ஆற்றோரக் குடிசைகள் அகற்றப்பட்டு, குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. நிலத்தை விற்றுச் சாலை போட்டது நகரம். நுயென் பா தான் என்ற தலைவரின் காலத்து வேகம் அது. 2015இல் அவர் இறந்தபோது ஊரே கூடி அழுதது. ஆற்றை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்த வேகம் எப்படி இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தேதான் இந்தப் பாலங்களைப் பார்க்க வேண்டும். எப்படியோ, கிழவிக்கும் குமரிக்கும் இருந்த விலை வித்தியாசம் ஒழிந்தது. இன்று மனை விலை கேட்டால் மயக்கம் வருவது அக்கரையில்தான்.

பாலம் மட்டும் போதாது, வண்டி வேண்டுமே. 2000ஐ ஒட்டிச் சீனத்து மோட்டார் சைக்கிள்கள் மலிவு விலையில் வந்து குவிந்தன. சந்தை கைநழுவுவதைப் பார்த்த ஹோண்டா, 2002இல் விலை குறைந்த வேவ் ஆல்ஃபாவை இறக்கியது. தொழிலாளி வீட்டிலும் வண்டி வந்தது. நண்பர்கள் கூட்டம் ஒரே நாளில் கடல், மலை, கணவாய் என்று சுற்றிவர முடிந்ததற்கு, எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும்விட இந்த விலைச் சண்டைதான் காரணம் என்பேன்.

மாறாதது சாப்பாடு. மீ குவாங் கடையில் நிற்பவர் கையைப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் கீரையும் மெல்லிசாகச் சீவிய வாழைப்பூவும். அதன்மேல் மஞ்சள் போட்ட பட்டையான அரிசி நூடுல்ஸ். இறால், பன்றி இறைச்சி. பிறகு குழம்பு; அதுவும் நூடுல்ஸ் முங்காத அளவுக்கு, அரைக் கரண்டி சேர்த்தால் குற்றம் என்பதுபோல் ஊற்றுவார். கடைசியில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. எள் ஒட்டிச் சுட்ட அரிசி அப்பளம் தனியாக வரும். நொறுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியது நம் வேலை. உட்கார அதே குட்டிப் பிளாஸ்டிக் முக்காலிதான். விலை 40,000 டாங் போல. பயப்பட வேண்டாம்: கடைசி இரண்டு சைபரை வெட்டிவிட்டு மூன்றால் வகுத்தால் ரூபாய்க் கணக்கு, ஏறக்குறைய 130. அன்று கசங்கிய காகித நோட்டு. இன்று கடைச் சுவரில் கியூஆர் அட்டை.

குடி மாறிவிட்டது. மீன் வறுவலோடு லாரு பீர் பாட்டில்களைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கோப்பையை மோதிவிட்டு, அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது பழைய கதை. 2007 டிசம்பரில் எல்லாச் சாலையிலும் ஹெல்மெட் கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல், மூச்சில் துளி மது இருந்தாலும் அபராதம், சைக்கிள்காரருக்கும் விலக்கில்லை. ஆகவே கூட்டம் இப்போது காபியில் முடிகிறது, அல்லது வண்டியை விட்டுவிட்டு கிராப் செயலியில் வாடகை வண்டி பிடிக்கிறது. எனக்கு இந்த மாற்றத்தில் வருத்தமே இல்லை.

ஹாய் வான் கணவாய் தனிக் கதை. நகரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி 496 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் பாதை. ஒரு காலத்தில் நாட்டின் வடக்கையும் தெற்கையும் இணைத்த நெடுஞ்சாலையே இதுதான். பேருந்தும் லாரியும் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கிக்கொண்டு போகும். வளைவுகளில் செத்தவர்களுக்கு வைத்த சிறு கோயில்கள் இன்றும் இருக்கின்றன. உல்லாசத்துக்கு அங்கே போனவர்கள் குறைவு. 2005இல் மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கச் சாலை திறந்ததும் கனரக வண்டிகளில் பெரும்பகுதி உள்ளே போய்விட்டது. சுரங்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை. விளைவு, கணவாய் இளைஞர்களுக்குச் சொத்தாகிவிட்டது. எரிபொருள் டாங்கர்கள் மட்டும் இன்னும் மேலே வரும், வளைவில் ஜாக்கிரதை. உச்சியில், மின் மாங் மன்னர் 1826இல் கட்டிய கோட்டை வாயில் பாழடைந்து கிடந்தது. பழுது பார்த்து 2024இல் திறந்திருக்கிறார்கள்.

உள்ளூர் மாணவர்கள் சொந்த வண்டியில் பெட்ரோல், மீ குவாங், காபி, பளிங்கு மலை நுழைவுச் சீட்டு, மாலைத் தீனி என்று ஆளுக்கு 2 லட்சம் டாங்கில், அதாவது 700 ரூபாய்க்குள், ஒரு நாளைக் கழித்துவிடலாம். மலிவுக்குக் காரணம், முக்கியமான பண்டத்துக்கு விலை இல்லாததுதான். கடல் இலவசம். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மீ கேயில் ஊர்க்காரர்கள் இறங்குவார்கள். உச்சிவெயிலில் மணலில் படுத்திருப்பவர் வெளிநாட்டுக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தெற்கே ஹோய் ஆன் ஊருக்குப் போகும் சாலையில் அந்த இலவசத்துக்கும் ஆபத்து வந்தது. சொகுசு விடுதிகள் வரிசையாக எழுந்து கடலை மறைத்தன. மக்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர நிர்வாகம் இடையிடையே பொதுவழி விடும் வேலையில் இறங்கியது. படகுத்துறை போய்ப் பாலம் வந்தது கடலுக்கு வழி பிறக்கத்தானே. அந்த வழியை மதில் போட்டு அடைத்தால் பாலம் யாருக்கு?

2025 ஜூலை 1 முதல் குவாங் நாம் மாகாணமும் டா நாங்கோடு சேர்ந்துவிட்டது. ஹோய் ஆனும், பழைய சம்பா நாட்டு மன்னர்களின் சிவன் கோயில்கள் நிற்கும் மீ சோனும் இப்போது இதே நகரத்தின் எல்லைக்குள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். காலையில் கணவாய், மாலையில் கடல். நடுவே நேரம் கிடைத்தால் டிராகன் பாலத்தடியில் 1919 முதல் இருக்கும், சம்பா நாட்டுச் சிற்பங்களுக்கான சாம் காட்சியகம். அங்குள்ள லிங்கங்களும் நடனமாதர் சிற்பங்களும் நமக்கு அந்நியமாகத் தோன்றா. நம் ஊர் லைசன்ஸை மட்டும் நம்பி அங்கே வண்டி ஓட்டாதீர்கள். ஓட்டுநரோடு கிடைக்கும் மோட்டார் சைக்கிளே மலிவுதான். அக்டோபர், நவம்பரைத் தவிர்த்துவிடுங்கள், வெள்ள மாதங்கள் அவை.