எங்கள் தளங்களுக்கு எந்தப் பிளகின் தேவை?

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் குடும்பம், இடம்பெயர்ந்த ஓர் ஊரின் மக்கள், ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் என்று பலரும் இப்போது வேர்ட்பிரஸில் சிறிய தளங்களை நடத்துகிறார்கள். அவற்றில் சிலவற்றை அமைக்க நான் உதவுவதுண்டு. தளம் திறந்து ஒரு கிழமைக்குள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் வடிவா வாறதுக்கு என்ன பிளகின் போடலாம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பெயர்களும் முகங்களும் சாட்சியங்களும் உள்ள தளத்தில் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிளகினை எழுதியவர் யார், அவரிடம் எதை ஒப்படைக்கிறோம்?

பிளகின் என்பது வேர்ட்பிரஸுக்கு மேலதிக வசதி தரும் ஒரு சிறு நிரல். நீட்சி என்றும் சொல்வார்கள். வேர்ட்பிரஸின் இலவசக் களஞ்சியத்தில் 50,000 இற்கும் மேற்பட்ட பிளகின்கள் உள்ளன. கைபேசியில் ஒரு செயலியைப் போட்டால், கமராவைப் பார்க்கலாமா, தொடர்பு இலக்கங்களைப் பார்க்கலாமா என்று அது அனுமதி கேட்கும். வேர்ட்பிரஸ் பிளகின் அப்படிக் கேட்பதில்லை. நிறுவி இயக்கிய கணத்திலிருந்து தளத்தின் தரவுத்தளம் முழுவதையும் அதனால் வாசிக்க முடியும், மாற்றவும் முடியும். படங்களை நகர்த்திக் காட்டும் ஒரு சிலைடருக்குக்கூட அதே அதிகாரம்தான்.

டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் ஏறத்தாழ 2 இலட்சம் தளங்களில் இருந்தது. நல்ல பெயர் பெற்ற பிளகின். 2017 இல் அது கைமாறியது. புதிய உரிமையாளர் வெளியிட்ட புதுப்பிப்புகளுக்குள், தளங்களில் விளம்பரப் பதிவுகளை ஏற்றும் இரகசிய வழி ஒன்று இருந்தது. தளத்துக்குள் உள்நுழைந்திருப்பவரின் கண்ணில் அந்தப் பதிவுகள் படாதபடி எழுதப்பட்டிருந்ததால், சொந்தக்காரருக்கே விடயம் தெரியவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் அது களஞ்சியத்திலிருந்து நிரந்தரமாக அகற்றப்பட்டது. கெட்ட நோக்கம் இல்லாமலும் ஆபத்து வரும். 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த ஃபைல் மனேஜர் பிளகினில் 2020 செப்டெம்பரில் ஓர் ஓட்டை தெரியவந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே எவரும் அதன் வழியாகத் தளத்துக்குள் கோப்புகளை ஏற்றக்கூடியதாக இருந்தது.

ஆகவே ஒரு பிளகினை நிறுவும் முன் களஞ்சியத்தில் அதன் பக்கத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இப்போதைய வேர்ட்பிரஸ் பதிப்பில் சோதிக்கப்பட்டதா, உதவி கேட்டவர்களுக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரக் குறிகளை நான் பெரிதாக நம்புவதில்லை. ஏற்கெனவே போட்டவற்றின் பக்கங்களையும் சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு பிளகின் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டால் வேர்ட்பிரஸ் தானாக உங்களுக்கு அறிவிப்பதில்லை. பாவிக்காத பிளகினை நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது, அழித்துவிட வேண்டும். நிறுத்திய பின்னும் அதன் கோப்புகள் சேவையகத்தில் கிடக்கும்.

படங்கள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கைபேசியில் இருப்பிட வசதி இயங்கும்போது எடுத்த படத்துக்குள் அந்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் பதிவாகியிருக்கலாம். ஒரு தாயின் படத்தை அவரது வீட்டு முற்றத்தில் எடுத்துத் தளத்தில் ஏற்றினால், அந்த வீடு எங்கே என்பதையும் சேர்த்தே பிரசுரித்தவர்களாகிறோம். நீங்கள் ஏற்றும் மூலக் கோப்பை வேர்ட்பிரஸ் அப்படியே வைத்திருக்கும். படங்களைச் சுருக்கும் பிளகின்கள் பல உண்டு என்றாலும், அவற்றில் சில படத்தைத் தங்கள் நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பித்தான் சுருக்குகின்றன. இதற்குப் பிளகினே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கணினியிலேயே இருப்பிடத் தகவலை நீக்கி, அளவைக் குறைத்து, பிறகு ஏற்றுங்கள். மூலப் படத்தை மட்டும் தொடாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். எடுத்த திகதியும் இடமும் ஒருநாள் சாட்சியமாகத் தேவைப்படலாம்.

பின்னூட்டம் எழுதுபவரின் பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி மூன்றையும் வேர்ட்பிரஸ் சேமித்து வைக்கிறது. குப்பைப் பின்னூட்டங்களைத் தடுக்க வேர்ட்பிரஸுடன் சேர்ந்தே வரும் அகிஸ்மெட், ஒவ்வொரு பின்னூட்டத்தையும் பரிசோதனைக்காக வெளிச் சேவையகத்துக்கு அனுப்பும். அன்டிஸ்பாம் பீ என்ற இலவசப் பிளகின் அந்த வேலையைப் பெரும்பாலும் உங்கள் தளத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். உண்மையில் பல தளங்களுக்குப் பின்னூட்டப் பகுதியே அவசியமில்லை. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட நாட்டில், வாசகரின் ஐபி முகவரியைக் காரணமின்றிச் சேர்த்து வைப்பது வீண் ஆபத்து. சாட்சியங்களைத் தளத்தின் படிவம் வழியாகக் கேட்பதும் அப்படித்தான். பல படிவப் பிளகின்கள் வந்த தகவலைத் தரவுத்தளத்திலேயே சேமிக்கின்றன. தளம் உடைக்கப்பட்டால் அதுவும் போகும்.

இனி வடிவுக்கு வருவோம். பக்கங்களை இழுத்துப் போட்டு அமைக்க உதவும் பேஜ் பில்டர் பிளகின்கள் பலருக்குப் பிடிக்கும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய ஆவணங்களை இன்று திறந்து பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. சில பேஜ் பில்டர்களும் அதே வேலையைச் செய்கின்றன. டபிள்யூபி பேக்கரி போன்றவற்றில் அமைத்த பக்கம், அந்தப் பிளகினை நீக்கியதும் சதுர அடைப்புக்குறிகளுக்குள் குறியீடுகள் நிறைந்த குழப்பமாகிவிடும்.  2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே தொகுதிகளாகப் பக்கம் அமைக்கும் வசதி உள்ளது. நினைவுத் தளம் ஒன்றுக்கு அது தாராளமாகப் போதும். 2024 இல் வந்த 6.5 பதிப்பில், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களைக் கூகுளிலிருந்து எடுத்து உங்கள் சேவையகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வாசகர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கூகுளுக்கு அவரது ஐபி முகவரி போவது இதனால் நிற்கும். முகப்பில் சிலைடர் வேண்டவே வேண்டாம். கைபேசியில் டேட்டா போட்டு வாசிப்பவருக்கு அது செலவு.

நான் எல்லாத் தளத்திலும் கட்டாயம் போடச் சொல்லும் பிளகின், காப்புப் பிரதி எடுப்பது. அப்டிராஃப்ட் பிளஸின் இலவசப் பதிப்பே கோப்புகளையும் தரவுத்தளத்தையும் சேர்த்து எடுத்துக் கூகுள் டிரைவ் போன்ற இடத்துக்கு அனுப்பும். வேர்ட்பிரஸில் உள்ள ஏற்றுமதி வசதி இதற்கு ஈடாகாது. அது எழுத்தை மட்டுமே தரும், படக் கோப்புகள் அதில் வராது. எடுத்த பிரதியில் ஒன்றை வன்தட்டில் வீட்டிலும், இன்னொன்றை வெளிநாட்டில் நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை வெற்றுத் தளம் ஒன்றில் மீட்டுப் பார்த்து, படங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.