காளான் கறி வைக்கும் முன்...



மழை பிடித்துவிட்டால் தோட்டமெங்கும் காளான்தான். விழுந்து கிடக்கும் பால்மரக் கட்டையில், செம்பனை வெறுங்குலைக் குவியலில், கறையான் புற்று ஓரத்தில், பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில் என்று எங்கே பார்த்தாலும் முளைத்து நிற்கும். வேலை முடிந்து வரும்போது ஒரு பை பறித்து வந்தால் அன்றைய கறிச் செலவு மிச்சம். விலைவாசி விற்கும் விலையில் இதை யார் குறை சொல்வார்? ஆனால் பறிக்கும் காளான் எது என்று தெரிந்து பறிக்கிறோமா? அதைத்தான் இம்முறை பேசப் போகிறோம்.

வெள்ளிக் காசை நம்பாதீர்கள்

"வெள்ளிக் காசைப் போட்டு வேகவை. கறுத்தாத்தான் விஷம்." "பூண்டு போடு, நிறம் மாறுதான்னு பாரு." "பூச்சி தின்னிருந்தா மனுசனும் தின்னலாம்." லயத்தில் இப்படிப் பல சோதனைகள் சொல்வார்கள். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. காளானின் கொடிய விஷம் வெள்ளியைக் கறுக்கச் செய்யாது. மனிதனைக் கொல்லும் காளானை நத்தையும் புழுவும் தின்றுவிட்டுச் சுகமாக இருக்கும். வேகவைத்தாலும், வறுத்தாலும், வெயிலில் காய வைத்தாலும் அந்த விஷம் போகாது. கசக்கும் என்றும் எண்ண வேண்டாம். சாப்பிட்டுப் பிழைத்தவர்கள், ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசியில் படம் பிடித்துப் பெயர் பார்ப்பதும் உயிரை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பத்தக்கதல்ல.

நமக்குப் பழக்கமான மூன்று

முதலாவது, கட்டைக் காளான். மலாய்க்காரர்கள் 'செண்டாவான் குக்கூர்' என்பார்கள். பட்டுப்போன கட்டையில் சின்னச் சின்ன விசிறி போல ஒட்டியிருக்கும். மேலே சாம்பல் கலந்த வெள்ளையில் பூனைமுடி தெரியும். மெல்வதற்குக் கொஞ்சம் ரப்பர் போலத்தான் இருக்கும்.

இரண்டாவது, புற்றுக் காளான். பெரிய வகைகளில் குடையின் நடுவில் கூம்பு போல ஒரு முனை இருக்கும். காம்பின் அடி வேர் போல நீண்டு, மண்ணுக்குள் கறையான் கூடு வரைக்கும் போகும். அடியில் கிண்ணம் போன்ற உறை இருக்காது.

மூன்றாவது, வெறுங்குலைக் காளான். ஆலையிலிருந்து வரும் வெறுங்குலை மக்கும்போது முளைப்பது. முதலில் முட்டை போல இருக்கும். பிறகு உறை கிழிந்து குடை விரியும். கிழிந்த உறை அடியில் கிண்ணமாகத் தங்கும். குடைக்குக் கீழே உள்ள மடிப்புகள் வளர வளர இளஞ்சிவப்பாகும். காம்பில் வளையம் கிடையாது.

இவற்றைப் போல வேடம் போடுபவை

திடலிலும் புல்தரையிலும் மழைக்குப் பின் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடையைப் பார்த்திருப்பீர்கள். மேலே பழுப்புச் செதில் இருக்கும், காம்பில் வளையம் இருக்கும். பார்க்க அழகு, சாப்பிட்டால் விஷம். இளசாக இருக்கும்போது மடிப்பு வெள்ளைதான், முற்றினால் பச்சை படரும். குடையை மட்டும் கிள்ளி ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி, ஓர் இரவு வைத்தால் தாளில் பச்சைப் பொடி விழும். புற்றுக் காளான் என்று எண்ணி இதைப் பறித்துவிடுகிறவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து, அமானிட்டா இனத்தில் உள்ள கொலைகாரக் காளான்கள். இந்த இனம் பெரும்பாலும் காட்டு மரங்களின் வேரோடு சேர்ந்து வாழ்வது. ஆகவே தோட்டத்தை ஒட்டிய காட்டோரத்தில் கவனம் வேண்டும். இதுவும் முட்டையாகத்தான் எழும். இதற்கும் அடியில் கிண்ணம் உண்டு. ஆனால் மடிப்பு பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும், காம்பில் பெரும்பாலும் வளையம் இருக்கும். முட்டையாக இருக்கும்போது வெளியே பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஆகவே மண்ணிலிருந்து எழும் முட்டைக் காளானைப் பறிக்கவே பறிக்காதீர்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறிய ஆசிய நாட்டவர் சிலர், தங்கள் ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நம்பி இந்த இனத்தைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நம் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்து வேலை செய்யும் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் ஊரில் நல்ல காளானைப் போல இருப்பது இங்கே வேறொன்றாக இருக்கலாம்.

மருந்து அடித்த இடத்தில் முளைத்தது நல்ல காளானாக இருந்தாலும் வேண்டாம். மாட்டுச் சாணத்தில் முளைப்பதையும் தொடாதீர்கள். அதில் புத்தியைத் தடுமாறச் செய்யும் வகைகள் உண்டு.

மணியைப் பாருங்கள்

சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் வந்தால், அது பெரும்பாலும் திடல் காளான் போன்றவற்றின் வேலை. ஆளை வாட்டி எடுக்கும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகும்.

ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, அல்லது மறுநாள் வாந்தி பேதி தொடங்கினால் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். அமானிட்டா விஷம் அப்படித்தான் தாமதமாக வேலை காட்டும். இரண்டாம் நாள் வாந்தி நின்று, "இப்ப தேவலாம், வேலைக்குப் போறேன்" என்று ஆள் எழுந்துவிடுவார். அதை நம்பி ஏமாறக் கூடாது. உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகும், நினைவு தடுமாறும், இரத்தம் கசியும். அப்போது கொண்டு போனால் டாக்டரால் செய்யக்கூடியது குறைவு. ஆகவே தேறிவிட்டதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. நாட்டு மருந்து கொடுத்துப் பொழுதைப் போக்காதீர்கள். நினைவோடு இருந்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மண்டோரிடமோ கிராணியிடமோ உடனே சொல்லி, கிடைக்கும் வண்டியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். சம்பளம் போகுமே என்று காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மிச்சமிருக்கும் காளானையும் கறியையும் கொட்டிவிடாதீர்கள். காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது, அதே கறியை வேறு யார் சாப்பிட்டார்கள் என்று எழுதிக் கொடுங்கள். சாப்பிட்ட எல்லாரையும், நன்றாக இருப்பவர் உட்பட, கூட்டிப் போங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே கேட்டு ஆலோசனை பெறலாம்.

"எங்க பாட்டி காலத்துல இருந்து திங்கிறோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்கள், பாட்டி பறித்த அதே காளானை, அதே இடத்தில், அடிக்கிழங்கோடு தோண்டிப் பார்த்துப் பறிக்கட்டும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். ஒரு வேளைக் கறிக்குக் கீரையோ கருவாடோ கிடைக்காமலா போகும்?