உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸும் பிரிண்டரும்

● கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் விதைகளில் ஒன்று, ஒரு பிரிண்டர்! அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் வந்தது. அதன் மூலநிரல் தரப்படவில்லை. பழைய வசதியைச் சேர்க்க வழியில்லை. அதனால் வந்த கோபம் தணியவே இல்லை. 1983-ல் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தார்.

● லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருளின் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் 1997-ல் எழுதத் தொடங்கினார். ஆப்பிள் நிறுவனம் 2002-ல் இதை மேக் கணினிகளில் சேர்த்தது. 2007-ல் நிரலின் உரிமையையே வாங்கியது. குரோம்புக்கிலும் இதுவே. 'லினக்ஸில் பிரிண்டர் ஓடாது' என்று இனி யாராவது சொன்னால், மேக்கில் ஓடுவதும் இதே கப்ஸ்தான் என்று சொல்லுங்கள்.

● பிரவுசரின் முகவரிப் பட்டையில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' என்று ஆங்கிலத்தில் தட்டினால் கப்ஸின் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். பிரிண்டரைச் சேர்ப்பது, சோதனைப் பக்கம் அடிப்பது, தேங்கிய வேலைகளை நீக்குவது எல்லாம் அங்கேயே முடியும்.

● அடித்த பக்கம் வரவில்லை, பிரிண்டரில் கோளாறும் தெரியவில்லையா? முதலில் கப்ஸின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். பிரிண்டர் அணைந்திருந்த நேரத்தில் வேலை அனுப்பியிருந்தால், கப்ஸ் வரிசையையே நிறுத்தி வைத்திருக்கலாம். பிறகு பிரிண்டரைப் போட்டாலும் வரிசை தானாக ஓடாது. 'ரெஸ்யூம் பிரிண்டர்' என்பதை அழுத்த வேண்டும். அதற்கு முன் பழைய வேலைகளை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அனுப்பிய அத்தனை பிரதிகளும் மொத்தமாக வந்து விழும்.

● லினக்ஸை நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால், தாள் அளவும் அமெரிக்காவின் 'லெட்டர்' ஆகிவிடும். அது 216 x 279 மி.மீ.; நம் ஏ4 தாளோ 210 x 297. தட்டு நிறைய தாள் இருந்தும் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். டிரைவரை மாற்றத் தேவையில்லை, தாள் அளவை மாற்றினால் போதும்.

● வைஃபை பிரிண்டர் நேற்று வரை ஓடி இன்று காணாமல் போனால், ரூட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கக்கூடும். ரூட்டரில் முகவரியை நிலைப்படுத்திவிடுங்கள்.

● லினக்ஸ் பிரிண்டர் உலகைப் புரட்டிப்போட்டது ஐபோன்! போனில் டிரைவர் நிறுவ வழியில்லை. அதனால் 2010-ல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் அச்சு வசதி வந்தபோது, பிரிண்டர்களே ஒரு பொது மொழியைப் பேசியாக வேண்டியதாயிற்று. அதன் அடிப்படை, கப்ஸ் பல ஆண்டுகளாகப் பேசிவந்த ஐபிபி என்ற அச்சு நெறிமுறை. இன்றைய உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் இத்தகைய பிரிண்டருக்கு டிரைவரே வேண்டாம். ஒரே வைஃபையில் இருந்தால் தானாகவே பட்டியலில் வரும். ஐபிபி-யூஎஸ்பி என்ற சிறு மென்பொருளின் தயவில், பல மாடல்கள் கேபிளில் செருகினாலும் அப்படியே ஓடுகின்றன. இது தெரியாமல் இணையத்தில் பழைய டிரைவரைத் தேடி நிறுவுவோர் இன்னும் ஏராளம். தேவையில்லாத வேலை அது!

● பிரிண்டர் பிழை என்கிறது, ஆனால் தாளும் தீரவில்லை, இணைப்பும் அறவில்லை என்றால் லினக்ஸ் கெர்னல் என்ன எழுதி வைக்கும் தெரியுமா? 'எல்பி0 ஆன் ஃபயர்', அதாவது பிரிண்டர் தீப்பற்றிவிட்டது! பழைய பேரலல் போர்ட் காலத்து வரி அது.

● ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ அணைத்தால் அதன் ஃபர்ம்வேர் மறைந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் ஹெச்பிலிப் மென்பொருளுக்கு மூடிய நிரலான ஒரு பிளகின் தேவை. இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஸ்டத்தைப் புதுப்பித்ததும் இந்த பிரிண்டர் முடங்கினால், பிளகினை மறுபடி நிறுவிப் பாருங்கள்.

● புது பிரிண்டர் வாங்கப்போகிறீர்களா? விலையைக் கேட்பதற்கு முன் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் என்ற பெயர் அதில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம்.