கல்லறை தந்த பெயர்

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: தினமும் மின்சார ரயிலில் போகும்போது திரிசூலத்தில் தெரிகிற மலை என்ன கல்? நாம் எல்லாரும் கருங்கல் என்போம். நிலவியல் நூல்கள் அதைச் சார்னோகைட் என்கின்றன. இந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்புக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

கல்கத்தா வண்டல் மண்ணில் எழுந்த நகரம். கல்லறைக்கு ஒரு பலகைக்கல் வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். அங்கே ஆங்கிலேயர் காலூன்றக் காரணமான கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக் 1693இல் இறந்தார். அவர் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல் போயிற்று. இருநூறு ஆண்டு கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்தார். பரங்கிமலை, பல்லாவரம் மலைகளில் இருக்கும் அதே கல்! 1893இல் எழுதிய கட்டுரையில் அதற்குச் சார்னோக்கின் பெயரையே சூட்டிவிட்டார். பல்லாவரத்தின் பெயர் உலகப் பாடநூல்களில் ஏறியிருக்க வேண்டியது. அது தவறிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

புதிதாக உடைத்த சில்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். உள்ளே நீலம் பாய்ந்த படிகக்கல் தெரியும். கரும்புள்ளிகளில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கிறது. சாதாரண கிரானைட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவான கல் இது. எங்கள் வீட்டில் தண்ணீர் குறைத்து வைத்தால் அதே அரிசி விறைத்து வேறு பதமாக வரும், அப்படித்தான் இதுவும். நீர் இருந்திருந்தால் ஹைப்பர்ஸ்தீனுக்குப் பதில் காக்காப்பொன் விளைந்திருக்கும்.

அண்டார்டிகாவில் ஆஸ்திரேலியர்களின் மாசன் ஆய்வு நிலையம் நிற்கும் பாறையும் சார்னோகைட்தான். ஒருகாலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கிடந்த நிலங்கள்.

பரங்கிமலைச் சார்னோகைட்டை நிலவியல் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனால் பல்லாவரம், திரிசூலம் மலைகளில் பாதியை வெடிவைத்து ஜல்லியாக்கிவிட்டோம். குவாரிப் பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. அதிலும் குப்பை கொட்டுகிறோம். மிச்சமிருப்பதையாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா? தாம்பரம், பல்லாவரம் பள்ளிகள் ஒரு நாள் அறிவியல் வகுப்பை மலையடிவாரத்தில் நடத்தலாம். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும்.