பல்லாங்குழி: நிறையும் குறையும்

வெளியூரில் வாழும் நம் இல்லங்களில், பரண்மேல் உறங்கும் பல்லாங்குழிக்கு மீண்டும் இடமளிக்கலாகாதா? பக்கத்துக்கு 7 வீதம் 14 குழிகள். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகளோ சோழிகளோ போதும். பகடை இல்லாமையால் அதிர்ஷ்டத்தைப் பழிக்க வழியில்லை. தன் புறத்துக் குழியில் நான்கு காய்கள் சேர்ந்ததும் ‘பசு’வென அள்ளும் குழந்தை, கணக்கையும் பொறுமையையும் ஒருங்கே கற்கிறது.

குறைகளும் உள. பொதுவாக இருவரே ஆடுவர்; மூன்றாவது குழந்தை முகம் வாடும். தோற்றவர், எஞ்சிய காய்களால் நிரம்பும் குழிகளோடுதான் மறு ஆட்டம் தொடங்கவேண்டும். எளியவர் மேலும் எளியவராவர். குழந்தைகள் ஆடும்போது, சில ஆட்டங்களுக்கு ஒருமுறை காய்களைச் சமமாகப் பங்கிட்டுவிடுக.

பள்ளியில் பிறமொழியில் எண்ணும் பேத்தி, பாட்டியின் எதிரே அமர்ந்து ‘ஒன்று, இரண்டு’ என எண்ணுவாளாயின், அந்த ஒரு நன்மைக்கே பலகையை இறக்கலாம்.